ஐஸ் பெட்டியும் மாட்டுப் பெட்டியும்: அமெரிக்க ரயில்களில் பழமும் கால்நடையும் போன விதம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்கச் சரக்கு ரயில்களின் பழைய காலத்தைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். காலம், உள்நாட்டுப் போர் முடிந்த 1865-லிருந்து சுமார் 1970கள் வரை. பெரும்பாலோர் முதலில் கேட்பது ரயில் எவ்வளவு வேகமாக ஓடியது என்றுதான். என்னைக் கேட்டால், அது எங்கெங்கே நின்றது, நின்ற இடத்தில் என்ன வேலை நடந்தது என்று பார்த்தால்தான் இந்தத் தொழில் பிடிபடும்.

1. பிரிட்ஜே இல்லாத காலத்துல கலிஃபோர்னியா ஆரஞ்சு நியூயார்க் வரைக்கும் கெடாம எப்படிப் போச்சு?

ஐஸ் வைத்துத்தான். பழம் ஏற்றும் பெட்டியின் சுவர், தரை, கூரை எல்லாவற்றுக்கும் இரட்டைப் பலகை அடித்து, நடுவில் வெப்பம் புகாத பொருளை அடைத்திருப்பார்கள். பெட்டியின் இரண்டு முனைகளிலும் ஐஸ் போட ஆளுயரத் தொட்டிகள் இருக்கும். அவற்றுக்கு நேர் மேலே கூரையில் மூடி போட்ட திறப்புகள். வழக்கமான ஒரு பெட்டிக்கு மொத்தம் சுமார் 10,000 பவுண்டு, அதாவது நாலரை டன் ஐஸ் பிடிக்கும்.

குளிர்ந்த காற்று கனமானது. அது தொட்டியின் அடிப்பக்கமாக வெளியே வந்து, தரையில் போட்ட மரச்சட்டங்களுக்குக் கீழே ஊர்ந்து, பழக்கூடைகளுக்கு இடையில் ஏறும். பழத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே போய், தொட்டியின் மேல்வாய் வழியாக மறுபடி ஐஸுக்குள் இறங்கும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. ஆனால் ஐஸ் கரைந்துகொண்டே இருக்கும். வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது நிரப்பினால்தான் பழம் பிழைக்கும்.

2. ஓடுற கூட்ஸ் வண்டியில ஐஸை எப்படி நிரப்புவாங்க? ஒவ்வொரு பெட்டியா நிரப்பினா நாள் முழுக்க ஆகாதா?

ஆகாது. இதற்கென்றே வழியில் ஐஸ் மேடைகள் கட்டியிருந்தார்கள். பெட்டியின் கூரை உயரத்துக்கு, ஒரு முழு ரயிலின் நீளம்கூட வரும் மர மேடை. அதன் இரண்டு பக்கமும் தண்டவாளம். மேடையின் நடுவே ஓடும் சங்கிலி, பக்கத்து ஐஸ் தொழிற்சாலையிலிருந்து பாளம் பாளமாக ஐஸை இழுத்துக்கொண்டு வரும். ஒரு பாளம் 300 பவுண்டு, ஏறக்குறைய 136 கிலோ.

ரயில் வந்து நின்றதும் ஒருவர் கூரை மேல் நடந்து மூடிகளைத் திறந்துகொண்டே போவார். மேடையில் இருப்பவர் நீளமான கொக்கிக் கம்பியால் பாளத்தை இழுத்து, பலகைப் பாலத்தின் மேல் சறுக்கி, திறப்பின் வாயில் கொண்டு நிறுத்துவார். அதே கம்பியின் கூர்முனையால் குத்தி உடைத்துத் தள்ளினால் துண்டுகள் தடதடவென்று தொட்டிக்குள் விழும். பழகிய கூட்டம் ஒரு பெட்டியைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டு அடுத்ததற்கு நகரும். கொளுத்தும் வெயிலிலும் நடுராத்திரியிலும், காலடியில் வழுக்கும் ஈரத்தோடு இந்த வேலை நடந்தது. ரயில் வரலாற்றில் எஞ்சின் ஓட்டியவர்களுக்குக் கிடைத்த புகழில் கால்வாசிகூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

கலிஃபோர்னியாவிலிருந்து கிழக்கே போகும் ரயிலுக்கு ரோஸ்வில், ஆக்டன், லாரமி, கவுன்சில் பிளஃப்ஸ் என்று ஊர் ஊராக இந்த மேடைகள் இருந்தன. யூனியன் பசிபிக், சதர்ன் பசிபிக் என்ற இரண்டு ரயில் கம்பெனிகளும் சேர்ந்து 1906-ல் தொடங்கிய பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ்தான் இந்தத் தடத்தின் ராஜா. உச்சத்தில் அதனிடம் சுமார் 40,000 ஐஸ் பெட்டிகள் இருந்தன.

3. அவ்வளவு ஐஸ் எங்கேருந்து வந்துச்சு?

ஆரம்பத்தில் ஏரிகளிலிருந்து. குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் குதிரை பூட்டிய கலப்பையால் கோடு கிழித்து, ரம்பத்தால் அறுத்து, மரத்தூள் போட்டு மூடிக் கிடங்கில் வைப்பார்கள். கோடை முழுக்க அது தாங்கும். கலிஃபோர்னியாவில் சியரா மலையில் ட்ரக்கி ஊரைச் சுற்றி இது பெரிய தொழில். பிறகு அம்மோனியா எந்திரங்கள் வந்து, ஐஸைத் தொழிற்சாலையிலேயே உறைய வைத்தார்கள். ரோஸ்வில்லில் இருந்த ஆலை அதன் காலத்தில் உலகத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று.

இந்த ஏரி ஐஸ் வியாபாரத்துக்கும் நம் ஊருக்கும் ஒரு நேரடி உறவு உண்டு. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர், மாசசூசெட்ஸ் ஏரிகளில் அறுத்த ஐஸைக் கப்பலில் 1833-ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். பிறகு மதராஸுக்கும் வந்தது. அதை இறக்கி வைக்கக் கட்டியதுதான் மெரினாவில் இன்றைக்கு விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ்.

4. எல்லாச் சரக்குக்கும் ஒரே மாதிரி ஐஸ் போட்டா போதாதா?

போதாது. இங்கேதான் அனுபவம் வேண்டும். இறைச்சிக்கு உறைநிலையை ஒட்டிய குளிர் வேண்டும், வெறும் ஐஸ் அதற்குக் காணாது. அதனால் ஐஸோடு உப்புக் கலந்தார்கள். குல்பி வண்டிக்காரர் பானையில் ஐஸோடு கல் உப்பைப் போடுகிறாரே, அதே வித்தைதான். உப்பின் அளவைக் கூட்டக் கூட்டக் குளிரும் கூடும். ஆனால் ஒழுகும் உப்புத்தண்ணீர் தண்டவாளத்தையும் இரும்புப் பாலங்களையும் அரித்தது. அதனால் இறைச்சிப் பெட்டிகளில் அதைத் தேக்கி வைத்து, குறித்த இடங்களில் மட்டும் திறந்துவிட வேண்டும் என்று விதி வந்தது.

கீரை வகைக்கு வேறு வழி. லெட்யூஸ் பெட்டிகளை அடுக்கிவிட்டு அவற்றின் மேலேயே நொறுக்கிய ஐஸைக் கொட்டிவிடுவார்கள். குளிரும் கிடைக்கும், ஈரமும் கிடைக்கும். இன்னும் சில சரக்குகளுக்கு ஐஸே வேண்டாம். கூரைத் திறப்புகளைத் தூக்கி வைத்தால் ரயில் ஓடும் வேகத்தில் காற்று உள்ளே புகுந்து வரும். வெளியே உறைநிலைக்கு மேல் இருந்தால் திற, கீழே போனால் மூடு என்று ஊழியர்களுக்குக் கட்டளை இருக்கும்.

வாழைப்பழம் இவை எல்லாவற்றையும்விடத் தொல்லை. சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். நம் வீட்டுப் பிரிட்ஜிலேயே பார்க்கிறோமே! சூடு ஏறினாலோ வழியிலேயே பழுத்துவிடும். நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் பச்சைத் தாராக இறங்கிய வாழை, இல்லினாய் சென்ட்ரல் ரயிலில் சிகாகோ போகும். வழியில் கென்டக்கி மாநிலத்து ஃபுல்டன் என்ற சின்ன ஊரில் மறுபடி ஐஸ் போடுவார்கள். கூடவே போகும் ஆள் தெர்மாமீட்டரும் கையுமாகப் பெட்டி பெட்டியாகப் பார்த்து, திறப்பைத் திறப்பதா மூடுவதா என்று சொல்வார். ஒரு வாழைக்காய் கூட விளையாத அந்த ஊர் தன்னை வாழைப்பழத் தலைநகரம் என்று சொல்லிக்கொண்டு திருவிழாவே நடத்தியது.

5. பனி கொட்டுற குளிர்காலத்துல ஐஸ் செலவே இருக்காதுதானே?

ஐஸ் செலவு குறையும், வேறு செலவு வரும். வெளியே உறைநிலைக்குப் பல டிகிரி கீழே இருக்கும்போது உருளைக்கிழங்கு உறைந்துவிட்டால், பிறகு இளகியதும் கூழாகிவிடும். அதனால் காலியான ஐஸ் தொட்டிக்குள் கரி அடுப்புகளை இறக்கி வைத்தார்கள். குளிர வைக்கக் கட்டிய அதே பெட்டி, அதே காற்றோட்டம், இப்போது சூடு காக்கும். மெய்ன் மாநிலத்து உருளைக்கிழங்கு இப்படித்தான் குளிர்காலத்தில் சந்தைக்குப் போனது.

6. மாட்டை உயிரோட ஏன் ஆயிரம் மைல் கொண்டு போகணும்? வெட்டி இறைச்சியா அனுப்பியிருக்கலாமே?

அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் கஸ்டாவஸ் ஸ்விஃப்ட் என்ற இறைச்சி வியாபாரி பணக்காரர் ஆனார். 1865 கிறிஸ்துமஸ் அன்று சிகாகோவில் யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற மாபெரும் கால்நடைப் பட்டி திறந்தது. மேற்கிலிருந்து வரும் மாடுகள் அங்கே விற்கப்பட்டு, மறுபடி உயிரோடு ரயிலேறிக் கிழக்கே போகும். மாட்டின் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் இறைச்சி. மீதி எலும்பு, தோல், குடல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ரயிலுக்குக் கட்டணம் கட்டினார்கள். போதாததற்கு வழியில் மாடு இளைக்கும், சில சாகும்.

இறைச்சியை ஐஸில் அனுப்பும் முயற்சிகள் ஸ்விஃப்டுக்கு முன்பே நடந்தன. டெட்ராய்ட்டைச் சேர்ந்த வில்லியம் டேவிஸ் 1868-ல் காப்புரிமை வாங்கிய பெட்டியில் இறைச்சியைத் தொங்கவிட்டார்கள். வளைவில் திரும்பும்போது அத்தனை எடையும் ஒரு பக்கமாக ஊசலாடி, பெட்டி தடம் புரண்டது. ஸ்விஃப்ட் 1878-ல் ஆண்ட்ரூ சேஸ் என்ற பொறியாளரை அமர்த்தினார். சேஸ் ஐஸை மேலே வைத்து, இறைச்சியைக் கீழே நெருக்கி அடுக்கினார்.

பெட்டி தயார், ஆனால் இழுக்க ரயில் கம்பெனிகள் தயாராக இல்லை. உயிர் மாட்டுக்குக் கிடைக்கும் கட்டணம் போய்விடும், கட்டி வைத்த பட்டிகளும் வீணாகும் என்ற கணக்கு அவர்களுக்கு. கால்நடை வருமானம் அதிகம் இல்லாத கிராண்ட் டிரங்க் என்ற கம்பெனிதான் கனடா வழியாகச் சுற்றிக் கொண்டுபோக ஒப்புக்கொண்டது. அதன் பிறகும் உயிர்க் கால்நடைப் போக்குவரத்து நிற்கவில்லை. மேய்ச்சல் நிலத்திலிருந்து சிகாகோ, கன்சாஸ் சிட்டி, ஒமாஹா பட்டிகள் வரை மாடு, பன்றி, ஆடு ரயிலில்தான் வந்தன.

7. சரி, உயிருள்ள மாடுகளுக்கு வழியில தீனி, தண்ணி?

முதலில் பெரும்பாலும் கிடையாது. இரண்டு மூன்று நாள் கூடத் தண்ணீர் இல்லாமல் நின்றபடியே போன மாடுகள் உண்டு. இதைக் கண்டித்துக் குரல் எழுந்த பிறகு, 1873-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 28 மணி நேரத்துக்கு மேல் கால்நடையைப் பெட்டியிலேயே அடைத்து வைக்கக் கூடாது. இறக்கி, தீனியும் தண்ணீரும் கொடுத்து, குறைந்தது 5 மணி நேரம் ஓய்வு கொடுத்துவிட்டுத்தான் மறுபடி ஏற்ற வேண்டும். மீறினால் 100 முதல் 500 டாலர் வரை அபராதம்.

அதனால் ரயில் தடங்களில் ஓய்வுப் பட்டிகள் முளைத்தன. சாய்தளத்தை ஒட்டிப் பெட்டியின் கதவு வருமாறு ரயிலை நிறுத்தி, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து மாடுகளை இறக்குவார்கள். சில மாடுகள் தண்ணீர் வாசனைக்கு முண்டியடித்து ஓடும், சில சாய்தளத்தில் கால் வைக்கவே மறுக்கும். தொட்டியில் தண்ணீர், பக்கத்தில் வைக்கோல். ஒரு பெட்டி மாடுகள் இன்னொரு பெட்டியின் மாடுகளோடு கலந்துவிடாமல் தனித்தனி அடைப்பு. ஐந்து மணி நேரம் கழித்து, படுத்துவிட்ட மாடுகளை எழுப்பி மறுபடி அதே சாய்தளத்தில் ஏற்ற வேண்டும். ஐஸ் மேடைக்காரர்களுக்குக் கொஞ்சமும் குறையாத உழைப்பு இது.

8. 28 மணி நேரம்னு சட்டம் சொல்லிடுச்சு. நிஜத்துல கடைப்பிடிச்சாங்களா?

நீண்ட காலம் அரைகுறையாகத்தான். அதனால் 1906-ல் பழையதை நீக்கிவிட்டுப் புதுச் சட்டம் போட்டார்கள். வேண்டுமென்றே தெரிந்து மீறியவருக்கு அபராதம் என்று தெளிவாக்கி, அதோடு ஒரு சலுகையும் கொடுத்தார்கள். கால்நடைக்குச் சொந்தக்காரர் தனிக் கடிதமாக எழுதிக் கொடுத்தால் 28 மணியை 36 மணி வரை நீட்டலாம். ஏறி இறங்கும்போது கால்நடைகள் அடிபடுகின்றன, இன்னும் எட்டு மணி நேரத்தில் ஊரே வந்துவிடும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் கொஞ்சம் உண்டு. ஆனால் கடிதம் கொடுப்பதே வழக்கமாகிவிட்டபோது, பலன் மாட்டைவிட ரயிலுக்குத்தான் அதிகம் கிடைத்தது என்பது என் கருத்து.

ஆட்டுக்கு மட்டும் தனி விதி. 28 மணி இரவில் முடிந்தால் உடனே இறக்கத் தேவையில்லை, 36 மணிக்குள் இறக்கினால் போதும். இருட்டில் ஆடுகள் சாய்தளத்தில் இறங்க மிரளும். எந்தக் கால்நடையானாலும், பெட்டிக்குள்ளேயே போதிய தீனி, தண்ணீர், படுக்க இடம் எல்லாம் இருந்தால் இறக்கவே வேண்டாம் என்ற விலக்கும் இருந்தது.

9. ஒரு பெட்டியில எத்தனை மாடு அடைப்பாங்க? நெருக்கி அடைக்கிறது கொடுமைதானே?

பக்கச் சுவர் முழுக்கக் காற்று வர இடைவெளி விட்டுச் சட்டம் அடித்த பெட்டியில் வளர்ந்த மாடுகள் 20 முதல் 25 வரை. மிகவும் நெருக்கினால், விழுந்த மாடு எழ முடியாமல் மிதிபட்டுச் சாகும். மிகவும் தளர்வாக விட்டால் ரயில் குலுங்கும்போதெல்லாம் மாடுகள் தள்ளாடி விழும். ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும் அளவுதான் சரியான அளவு. ஆடும் பன்றியும் உயரம் குறைவு என்பதால் அவற்றுக்கு இரண்டு அடுக்குப் பெட்டி.

பன்றிக்கு வியர்த்துச் சூடு தணியாது. கோடையில் பெட்டிக்குள் கொத்துக் கொத்தாகச் செத்துவிடும். அதனால் தரையில் மணலைப் பரப்பி நனைத்துவிட்டு ஏற்றுவார்கள். வழியில் நிற்கும் இடங்களில் குழாயால் தண்ணீர் பாய்ச்சுவார்கள்.

10. கால்நடைக்காரங்களும் கூடவே ரயில்ல போவாங்களா?

போவார்கள். சரக்கோடு சேர்த்து ஆளுக்கும் இலவச பாஸ் உண்டு. ரயிலின் கடைசியில் கார்டு பெட்டியிலோ, அவர்களுக்கென்று இணைத்த பெட்டியிலோ உட்கார்ந்து போவார்கள். நிற்கும் இடமெல்லாம் இறங்கி, நீண்ட கழியோடு பெட்டி பெட்டியாகப் பார்த்து, விழுந்த மாட்டைச் சட்ட இடைவெளி வழியாகக் குத்தி எழுப்புவதுதான் வேலை.

11. வழியில பழம் அழுகினா, மாடு செத்தா நஷ்டம் யாருக்கு?

பொதுவாக ரயிலுக்கு. ஆனால் சரக்கின் இயல்பாலேயே வந்த கேட்டுக்கும், அனுப்பியவரின் தவறுக்கும் ரயில் பொறுப்பல்ல. சண்டை எல்லாம் அங்கேதான். பழம் அழுகியது ஐஸ் குறைந்ததாலா, பறிக்கும்போதே அடிபட்டதாலா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண் துறையின் ஜி. ஹரால்ட் பவல் கலிஃபோர்னியாவில் இதை ஆராய்ந்தார். கத்தரி முனை கீறியது, பெட்டியில் கடாசியது போன்ற சின்னக் காயங்கள் வழியாகத்தான் ஆரஞ்சில் பூஞ்சை புகுகிறது என்று காட்டினார். தோட்டக்காரர்களுக்கு அது கசப்பான செய்தி, ஆனால் கையாளும் முறையை மாற்றியதும் அழுகல் குறைந்தது.

இன்னொரு சிக்கல்: பல கம்பெனிகளின் தண்டவாளத்தில் போன சரக்கு எந்தத் தடத்தில் கெட்டது என்று யார் நிரூபிப்பது? 1906-ல் வந்த கார்மாக் திருத்தம், முதலில் சரக்கை ஏற்ற கம்பெனியிடமே முழு நஷ்டத்தையும் கேட்கலாம் என்றது. மற்றவர்களிடம் வசூலிப்பது அந்தக் கம்பெனியின் பாடு. சிறு விவசாயிக்கு இது பெரிய துணை. அதே ஆண்டின் ஹெப்பர்ன் சட்டம், பெட்டி முதலாளிகள் இஷ்டத்துக்கு வசூலித்த ஐஸ் கட்டணத்தையும் அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது.

12. ரயில் ஓடிக்கிட்டு இருக்கும்போதே சரக்கை வித்துடுவாங்களாமே, அது எப்படி?

ஆமாம், நடந்தது. கலிஃபோர்னியாவில் பழம் பழுத்துவிட்டது, வாங்க இன்னும் ஆள் இல்லை. காத்திருந்தால் கெடும். அதனால் யாருக்கென்று முடிவாகாமலேயே பெட்டியைக் கிழக்கே அனுப்பிவிடுவார்கள். பயணம் ஒரு வாரம், பத்து நாள் என்பதால் அதற்குள் தந்தியில் விலை விசாரித்து விற்றுவிட நேரம் உண்டு. சிகாகோவில் விலை விழுந்துவிட்டதா? வழியில் ஒரு நிலையத்துக்குத் தந்தி அடித்தால் அந்தப் பெட்டியை மட்டும் கழற்றி வேறு ஊர் ரயிலில் மாட்டிவிடுவார்கள். இரண்டாவது பதிலில் சொன்ன ஐஸ் நிறுத்தங்கள் இதற்கும் உதவின. பெட்டி அங்கே எப்படியும் நிற்கும், எண்ணைச் சரிபார்ப்பார்கள், அங்கேயே விலாசம் மாறும்.

13. மாடு ஏத்தின பெட்டியிலயே திரும்பும்போது பழம் ஏத்துவாங்களா?

ஏற்ற மாட்டார்கள். மாட்டுப் பெட்டியின் சுவர் இடைவெளி விட்டது, பழத்துக்கு உதவாது. அது பெரும்பாலும் காலியாகத் திரும்பும், சில சமயம் நனைந்தாலும் கெடாத சரக்கோடு வரும்.

சுத்தம் இங்கே உயிர்ப் பிரச்சினை. தெற்கு மாடுகள் பார்க்க ஆரோக்கியமாக இருக்கும், ஆனால் அவை போன வழியில் வடக்கு மாடுகள் காய்ச்சலில் செத்து விழும். டெக்சாஸ் காய்ச்சல் என்று பெயர். உண்ணிதான் அதைப் பரப்புகிறது என்று தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1893-ல் வெளியிட்டார்கள். பூச்சி வழியாக நோய் பரவும் என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்றுகளில் அது ஒன்று. தெற்கு மாடு என்று அட்டை ஒட்டிய பெட்டி, ஓய்வுப் பட்டியில் தனி அடைப்பு, இறக்கிய பின் பெட்டியைக் கழுவி மருந்தடித்தல் எல்லாம் கட்டாயம் ஆயின.

14. மீன், கோழி, பால்?

பால், கேன்களில் அதிகாலை ரயிலில் நகரத்துக்கு வரும். கோழிக்குக் கம்பிவலைக் கூண்டுகள் அடுக்கிய தனிப் பெட்டி, நடுவில் தீனி போடும் ஆளுக்கு ஒரு சின்ன அறை. உயிர்மீன் விஷயம் சுவையானது. 1873-ல் லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்பவர் கிழக்குக் கடற்கரை மீன்களைத் தொட்டிகளில் ஏற்றிக் கலிஃபோர்னியாவுக்குப் புறப்பட்டார். நெப்ராஸ்காவில் எல்க்ஹார்ன் ஆற்றுப் பாலம் இடிந்து, பெட்டியோடு மீன்களும் ஆற்றில் விழுந்தன. அரசு மீன்துறை அதோடு விட்டுவிடவில்லை. 1881-லிருந்து 1947 வரை தனக்கென்று ரயில் பெட்டிகள் வைத்து நாடு முழுக்க மீன்குஞ்சுகளைக் கொண்டுபோய் விட்டது.

15. இதெல்லாம் எப்போ, ஏன் நின்னு போச்சு?

ஐஸ் பெட்டியை முதலில் அசைத்தது உறைந்த ஆரஞ்சுச் சாறு. அதற்குச் சுமார் மைனஸ் 18 டிகிரி வேண்டும். நான்காவது பதிலில் சொன்ன உப்பு வித்தையால் அவ்வளவு குளிரைத் தொடர்ந்து பிடித்து நிறுத்த முடியாது. அதனால் 1940களின் கடைசியில் டீசல் எஞ்சினோடு குளிரூட்டும் எந்திரம் வைத்த பெட்டிகள் வந்தன. அப்புறம் நெடுஞ்சாலைகள் வந்தன, குளிர் லாரிகள் வந்தன. தோட்டத்தில் ஏற்றிய லாரி நேராகக் கடை வாசலில் நிற்கும்போது ரயிலால் போட்டி போட முடியவில்லை. 1970களின் முதல் பாதியில் ஐஸ் மேடைகள் மூடப்பட்டன. சிகாகோ பட்டி 1971-ல் மூடியது.

16. அப்போ அந்த 28 மணி நேரச் சட்டமும் போயிடுச்சா?

இல்லை, இன்றும் இருக்கிறது. 1994-ல் அதைத் திருத்தி எழுதினார்கள். சட்டத்தில் உள்ள வாகனம் என்ற சொல் லாரியையும் குறிக்கும் என்று அமெரிக்க வேளாண் துறை 2006-ல் ஏற்றுக்கொண்டது. ஆனால் கோழிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதே அந்தத் துறையின் நிலை.